கத்திக்கு முன் ஊசி, ஊசிக்கு முன் கை: கழுத்தின் அரிய கட்டிகளை இனங்காணுதல்

"இது எத்தனை நாளா இருக்கும்மா?" என்று டிஸ்பென்சரியில் கேட்டால் மலையகத்தின் டயகமப் பக்கத்துக் கொழுந்துப் பெண் திகதி சொல்லமாட்டார். "தீவாளி அட்வான்ஸ் வாங்குனப்பவே இருந்திச்சுங்கய்யா. அப்ப கொட்டப்பாக்கு மாதிரி. இப்ப எலுமிச்சங்காய் கணக்கா ஆயிருச்சு" என்பார். கேட்பவருக்குக் காது இருந்தால் பாதி நோய்க்குறிப்பு இதிலேயே கிடைத்துவிடும். இப்போது சித்திரை என்றால் கட்டிக்கு ஆறு மாதம் ஆகிறது. பாக்கு எலுமிச்சையாக வளர்ந்திருக்கிறது. வலி என்று அவர் எதுவும் சொல்லவில்லை. வலித்திருந்தால் தீபாவளிக்கு முன்பே வந்திருப்பார்.

கழுத்துக் கட்டிகளுக்கு மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு பழைய விதி உண்டு. கிரேக்க வம்சாவளி அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஸ்கண்டலாக்கிஸின் பெயரோடு வழங்குவது. ஏழு நாள் கட்டி என்றால் அழற்சி, ஏழு மாதக் கட்டி என்றால் புதுவளர்ச்சி, ஏழு வருடக் கட்டி என்றால் பிறவிக் கோளாறு. விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் தீபாவளி அட்வான்ஸ் கட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்பதை இது சட்டென்று காட்டிவிடும்.

இந்தக் கட்டுரை கழுத்தின் அரிய மென்னிழையக் கட்டிகளைப் பற்றியது. கொழுப்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய், நார் இழையம் ஆகியவற்றிலிருந்து கிளம்புபவை அவை. இவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்றுதான். இவற்றைக் கண்டுபிடிக்கத் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரம் இல்லாமை அல்ல, சோதனைகளின் வரிசை குலைவது. கை தொடவேண்டிய இடத்தில் ஊசி போகிறது, ஊசி போகவேண்டிய இடத்தில் கத்தி போகிறது. மலையகத்தில் தூரமும் நாட்கூலியும் சேர்ந்து அந்த வரிசையை இன்னும் எளிதாகக் குலைக்கின்றன.

அரியதற்குப் போகுமுன் வழக்கமானவற்றைத் தாண்டியாக வேண்டும். நம்மவர்களிடம் இதற்குப் பழைய சொற்களே இருக்கின்றன. காலில் புண் வந்து தொடையிடுக்கில் வீங்கினால் "நெறி கட்டியிருக்கு" என்போம், கழுத்துக்கும் அதே சொல்தான். கழுத்தில் மாலை கோத்ததுபோல் வரிசையாகக் கட்டிகள் வந்தால் கண்டமாலை. அது பெரும்பாலும் நிணநீர்க்கணுக்களில் வரும் காசநோய். முன்கழுத்தில் தொங்குவது கழலை. அதில் பெரும்பகுதி தைரொயிட்டு வீக்கம்தான். இலங்கையின் ஈரவலயத்தில் அது ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமான பிறகு நிலைமை மாறியது. தொட்டுப் பார்க்கும்போது விழுங்கச் சொன்னால் தைரொயிட்டுக் கட்டி மேலெழும், மற்றவை பெரும்பாலும் எழாது. ஒரு மிடறு தேத்தண்ணீர் போதும் இந்தச் சோதனைக்கு.

இவற்றுக்கு அடுத்து வருவதுதான் மலையகத்தில் அதிகம் அஞ்சவேண்டியது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு என்ற கூட்டு லயத்து வாழ்க்கையில் குளிருக்கும் பசிக்கும் துணையாக ஆணுக்கும் பெண்ணுக்கும் வாய்க்குள் போகிறது. கன்னத்தின் உட்பக்கமோ நாக்கின் ஓரமோ புண்ணாகி, அது கழுத்துக் கணுவுக்குப் பரவிய பிறகுதான் பலர் "கட்டி" என்று வருகிறார்கள். ஆகவே கழுத்தில் கட்டியோடு வந்தவரைப் பார்க்கும் எவரும் முதலில் சொல்லவேண்டிய வார்த்தை "வாயைத் திறங்க". வாயைப் பார்க்காமல் கழுத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இவை எல்லாம் இல்லை என்றான பின் மிச்சமிருக்கும் சிறு கூட்டத்தில்தான் நம் அரிய கட்டிகள் இருக்கின்றன. எவ்வளவு அரியவை? மென்னிழையத்தில் வரும் புற்றுநோய்க்கு சார்க்கோமா என்று பெயர். வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சார்க்கோமா. அதிலும் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானவையே தலையிலும் கழுத்திலும் வருபவை. ஆயிரம் புற்றுநோயாளிகளில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதேச வைத்தியசாலையின் வைத்தியர் தன் சேவைக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறக்கூடும். தீங்கற்ற மென்னிழையக் கட்டிகளோ சார்க்கோமாவைப்போல நூறு மடங்கு அதிகம். சிக்கலே இங்கேதான் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது தடவை "கொழுப்புக் கட்டி, பயப்படாதீங்க" என்று சொன்னது சரியாக இருந்திருக்கும். நூறாவது தடவையும் வாய் அதையே சொல்லும்.

இனி கைக்கு வருவோம். கழுத்து ஒரு குறுகிய இடம். தலைக்குப் போகும் சிரசு நாடி, அதை ஒட்டிய பெருநாளம், குரல்வளைக்கும் இதயத்துக்கும் கட்டளை கொண்டுபோகும் வேகசு நரம்பு, கைக்குப் போகும் நரம்புப் பின்னல் எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. எந்தக் கட்டி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை விரல் பலவேளை சொல்லிவிடும்.

தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, சிரசு நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கட்டி. இடம் வலமாக அசைகிறது, மேலும் கீழும் அசைய மறுக்கிறது. விரலுக்குக் கீழே துடிப்பும் தெரிகிறது. இது சிரசு நாடிக் கணுவிலிருந்து எழும் பரகாங்கிலியோமாவாக இருக்கலாம். மேலும் கீழும் அசையாத இந்தக் குணத்துக்கு ஃபொந்தேன் அடையாளம் என்று பெயர். இதை நெறிக்கட்டு என்று எண்ணி வெளிநோயாளர் பிரிவில் மரப்பு ஊசி போட்டுக் கீறினால் இரத்தம் நிற்காது. கட்டி முழுவதும் இரத்தக் குழாய்களின் பின்னல்.

வேறொரு கட்டியை விரலால் அழுத்தியதும் நோயாளிக்கு அடக்கமுடியாத இருமல் வருகிறது. வேகசு நரம்பின் உறையில் வளர்ந்த ஷ்வான்னோமாவை அங்கே சந்தேகிக்கவேண்டும். கழுத்துப் பட்டை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இன்னொன்று. மெல்லத் தட்டினால் பெருவிரல்வரை சுளீர் என்று மின்சாரம் பாய்கிறது. அது கைக்குப் போகும் நரம்புப் பின்னலில் இருக்கலாம். இப்படிப்பட்ட கட்டியை நிணநீர்க்கணு என்று நினைத்து ஒரு துண்டு வெட்டி எடுத்தால் நரம்பின் ஒரு பகுதியும் கூடவே வந்துவிடும்.

இங்கே சற்று நிற்கவேண்டும், ஏனென்றால் கொழுந்து பறிப்பவருக்குக் கை என்பது என்ன என்பது கொழும்பில் எழுதப்படும் அறிக்கைகளில் வருவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரல்கள், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறியும் அந்த வீச்சு, உச்சந்தலையில் கயிறு மாட்டிய பாரத்தைத் தாங்கும் கழுத்து, இவை மூன்றும் சேர்ந்துதான் ஒரு நாள் கூலிக் கணக்கான "பேர்". கிலோ குறைந்தால் அரைப்பேர். கழுத்தின் பின்முக்கோணப் பகுதியில், தோலுக்குச் சற்றே அடியில், பதினோராம் மண்டை நரம்பு ஓடுகிறது. தோளை உயர்த்துவது அதுதான். அந்தப் பகுதியில் ஒரு சிறு கணுவை அவசரமாக எடுக்கும்போது அறுபட்டுப்போவதில் முன்னிற்கும் நரம்பும் அதுதான். அறுபட்டால் தோள் தொங்கும், கை தலைக்கு மேலே போகாது. ஓர் எழுதுவினைஞருக்கு அது தொல்லை. கூடைக்குள் எறியமுடியாத கைக்கோ செக்ரோலில் இடமில்லை.

கூடைக் கயிறு இழுத்து இழுத்துத்தான் கட்டி வந்தது என்று தோட்டத்தில் சொல்வார்கள். சுமை இத்தகைய கட்டியை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உரசலும் வலியும் ஏற்கெனவே இருக்கும் கட்டிக்குக் கையைக் கொண்டுபோகின்றன, அப்போதுதான் அது கண்ணில் படுகிறது. "அடிபட்டதால் வந்தது" என்ற கதைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. சுமையால் வந்தது என்றால் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போகும் என்று தோன்றும். ஆறு மாதம் அதில் கழியும்.

ஊசியின் கதை வேடிக்கையானது. கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சில கலங்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை 1930 இல் நியூயோர்க்கின் மெமோரியல் வைத்தியசாலையிலிருந்து ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வேர்ட் எல்லிஸும் விரிவாக எழுதினார்கள். அதே மார்ட்டின்தான் 1961 இல் கழுத்துக் கணுவைக் காலம் தெரியாமல் வெட்டி எடுப்பதைக் கண்டித்து எழுதினார். தலைகழுத்துச் சத்திரசிகிச்சையை ஒரு துறையாக வளர்த்தவர்களில் ஒருவர் அவர், அன்றாடம் கத்தி பிடித்தவர். கத்தியை முதலில் எடுக்காதே என்று அவர் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்குக் கனம். 2017 இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது. தொற்றின் அறிகுறி இல்லாவிட்டால் அன்டிபயோடிக் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்காதே. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி, ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது, இறுகியது, அசையாதது, மேல்தோல் புண்ணானது ஆகியவற்றைச் சந்தேகி. திறந்து வெட்டுமுன் ஊசி.

அமொக்சிசிலின் ஒரு கோர்ஸ், பிறகு இன்னொரு கோர்ஸ், பிறகு வேறு பெயரில் மூன்றாவது. எனக்குத் தெரிந்த பல கழுத்துக் கட்டிக் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையிலிருப்பதைக் கொடுத்து அனுப்புவது மனித இயல்பு.

இன்று இதற்குப் பயன்படும் மெல்லூசி எல்லாவற்றையும் சொல்லாது. காசநோய்க்கும், வாயிலிருந்து பரவிய புற்றுநோய்க்கும், தைரொயிட்டுக்கும் அது நல்ல சாட்சி. காசநோய் என்றால் எடுத்த துளியை ஜீன் எக்ஸ்பேர்ட் சோதனைக்கும் அனுப்பலாம். மென்னிழையக் கட்டிக்கோ கலங்கள் மட்டும் போதாது, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் வேண்டும். அதனால் தடித்த ஊசியால் இழையத்தின் நீளத்துண்டு எடுப்பார்கள். அந்த ஊசி போன வழியில் நோய்க்கலங்கள் தங்கிவிடக்கூடும் என்பதால், பிற்பாடு சத்திரசிகிச்சை செய்யப்போகிறவரே அந்த வழியைத் தீர்மானிப்பது நல்லது. துடிக்கும் கட்டிக்குள் தடித்த ஊசியே கூடாது. அங்கே முதலில் படம்.

படம் என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட், பின்பு எம்ஆர்ஐ. எம்ஆர்ஐ கட்டியின் பெயரைவிட அதன் அயலவர்களைத் தெளிவாகக் காட்டும். வேகசு நரம்பின் ஷ்வான்னோமா சிரசு நாடியையும் பெருநாளத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கி நடுவில் உட்காரும். பரிவு நரம்புச் சங்கிலியில் வளர்ந்ததோ இரண்டையும் சேர்த்து முன்னே தள்ளும். பரகாங்கிலியோமா நாடியின் இரண்டு கிளைகளையும் கவண்போல அகட்டி வைக்கும். இந்த மூன்று காட்சிகளும் சத்திரசிகிச்சையில் மூன்று வெவ்வேறு ஆபத்துகள். நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியவையும் மூன்று: குரல் கம்மலாம், கண்ணிமை தொங்கலாம், இரத்தம் ஏற்றவேண்டி வரலாம்.

பரகாங்கிலியோமாவைப் பற்றி மலைநாட்டு வாசகருக்கு ஒரு கேள்வி எழும். சிரசு நாடிக் கணு இரத்தத்தின் ஒட்சிசனை உணரும் உறுப்பு. உயர்ந்த மலைகளில் வாழ்பவர்களிடம் அது பருக்கிறது. பெரு நாட்டின் அந்தீஸ் மலைவாசிகளிடம் இந்தக் கட்டி கடலோரத்தாரைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் டயகமவில்? அந்த ஆய்வுகள் இரண்டாயிரம் மீற்றருக்கு மேலேயும் அதைவிட இரு மடங்கு உயரத்திலும் வாழ்பவர்களைப் பற்றியவை. நுவரெலியா நகரமே 1868 மீற்றர்தான். நம் மலைகள் குளிருக்குப் போதும், ஒட்சிசன் பஞ்சத்துக்குப் போதாது. இங்கே அதைவிட முக்கியமானது குடும்பம். இந்தக் கட்டிகளில் கணிசமானவை பரம்பரையாக வருபவை. 2000 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட ஒரு மரபணுக் கோளாறு தந்தை வழியாக வந்தால்தான் பெரும்பாலும் நோயாகிறது, தாய் வழியாக வந்தால் உறங்கிக் கிடக்கிறது. ஆகவே "உங்க அப்பாவுக்கு, அத்தைக்கு, சித்தப்பாவுக்குக் கழுத்தில இப்படி இருந்ததா?" என்று கேட்கவேண்டும். லயத்தில் உறவெல்லாம் பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கும். பதில் உடனே வரும்.

பயமுறுத்தி ஏமாற்றும் கட்டிகளும் உண்டு. நொடியூலர் ஃபசியைற்றிஸ் என்று ஒன்று, 1955 இல் முதலில் விவரிக்கப்பட்டது. மூன்று நான்கு வாரத்தில் மளமளவென்று வளரும். நுண்ணோக்கியில் கலங்கள் வேகமாகப் பிரிவதைப் பார்த்துச் சார்க்கோமா என்று பெயர் வைத்துவிடுவார்கள். உண்மையில் அது பரவாது, பலவேளை தானாகவே சுருங்கும். 2011 இல் அதன் மரபணு அடையாளம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு குழப்பம் குறைந்தது. இன்னொன்று கைக்குழந்தைகளுக்கு வருவது. பிறந்த சில வாரத்தில் கழுத்துத் தசைக்குள் ஒரு கெட்டியான உருண்டை தெரியும், தலை ஒருபக்கம் சாயும். தாய் பதறிவிடுவார். பிரசவம் கடினமாக இருந்த பிள்ளைகளில் இது கூடுதல். அல்ட்ராசவுண்டில் தசைக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால் கத்தி தேவையில்லை. கழுத்தைத் திருப்பும் பயிற்சியோடு ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் சற்று வளர்ந்த பிள்ளைக்கு வேகமாக வளரும் கட்டி என்றால் விஷயம் வேறு. பிள்ளைகளின் மென்னிழையப் புற்றுநோய்களில் முதலிடம் வகிக்கும் ரப்டோமயோசார்க்கோமா தலையையும் கழுத்தையும் அடிக்கடி தேடி வருகிறது. அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு.

கொழுப்புக் கட்டிகளில் ஒரு விசேஷம் சொல்லவேண்டும். நீண்டகாலம் அதிகம் குடிக்கும் ஆண்களுக்குக் கழுத்தைச் சுற்றி இருபுறமும் சமமாகக் கொழுப்பு படர்ந்து, குதிரைக் கழுத்துப் பட்டிபோலத் தெரியும். 1888 இல் ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒட்டோ மடெலுங் எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. "உடம்பு தேறியிருக்கு" என்று ஊரார் சொல்லக்கூடும். கைகால் மெலிந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

கழுத்தில் எது பெரிய கட்டி? கையிலோ தொடையிலோ என்றால் ஐந்து சென்ரிமீற்றரை எல்லையாக வைத்துப் பேசுவார்கள். கழுத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்குக் காத்திருந்தால் நாடியும் நரம்பும் ஏற்கெனவே சூழப்பட்டிருக்கும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு நிலைப்பகுப்பின் எட்டாம் பதிப்பு, தலைகழுத்துச் சார்க்கோமாவுக்குத் தனிக்கணக்கு வைத்து, இரண்டையும் நான்கையும் எல்லைகளாக்கியது. அதாவது நம் டயகம அக்கா சொன்ன எலுமிச்சங்காய் முதலாவது எல்லையைக் கடந்துவிட்ட அளவு.

கொழுப்புக் கட்டி என்று நினைத்து எடுத்தது அறிக்கையில் சார்க்கோமா என்று வருவது சத்திரசிகிச்சை நிபுணர்களின் பழைய கெட்ட கனவு. எல்லைகளில் நோய் மிச்சமிருக்கும், எங்கெங்கே என்று தெரியாது, வடு முழுவதையும் மீண்டும் அகலமாக எடுக்கவேண்டும். கழுத்தில் அகலமாக எடுக்க இடம் ஏது?

நோயியல் நிபுணரிடம் கட்டி போனபிறகும் கதை முடிவதில்லை. 2020 இல் வெளியான உலக சுகாதார நிறுவனப் பகுப்பில் மென்னிழையக் கட்டிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. பலவும் ஒன்றைப்போல் ஒன்று தெரியும் கதிர்க்கலக் கூட்டம். எந்தப் புரதம் எங்கே நிறமேறுகிறது என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். சினோவியல் சார்க்கோமாபோன்ற சிலவற்றுக்கு நிறமூர்த்தங்கள் இடம் மாறியிருப்பதைக் காட்டவேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் சார்க்கோமா அறிக்கைகளை நிபுணர்கள் மறுபார்வை செய்த ஓர் ஆய்வு 2012 இல் வெளியானது. முதல் அறிக்கையும் மறுபார்வையும் முழுமையாக ஒத்துப்போனவை பாதிக்குச் சற்று மேல்தான். வசதியான நாடுகளிலேயே இதுதான் நிலை. ஆகவே இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது முதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. அதற்கு வேண்டியது மெழுகில் பதித்துப் பாதுகாத்த அந்த இழையத் துண்டு. அது ஆய்வுகூடத்தில் இருக்கும், நோயாளிக்காக வைத்தியர் கேட்டு வாங்கலாம்.

டயகமவில் ஒரு பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு மேல் அக்கரப்பத்தனை, ஹோல்புரூக், லிந்துலை தாண்டி ஒரு கிளை நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், மறுகிளை தலவாக்கலை வழியாக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கும் போகிறது. கிளங்கனின் புதிய கட்டடம் இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நாம் பேசும் சோதனைகளின் பிற்பாதி கண்டியிலும் பேராதனையிலும்தான். தாடை, வாய், கழுத்து நோய்களுக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலையையும் மறக்கக்கூடாது. "பல்லுக்குத்தானே" என்று பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அதற்கும் அப்பால் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை.

சிகிச்சை இலவசம். பஸ் இலவசமில்லை. ஒரு நாள் கிளினிக் என்றால் விடியுமுன் புறப்பாடு, ஒரு பேர் இழப்பு, கூட வருபவருக்கும் ஒரு பேர் இழப்பு. முதல் நாள் ஊசி, அடுத்த நாள் அறிக்கை, மூன்றாம் நாள் ஸ்கேனுக்குத் திகதி வாங்க, நான்காம் நாள் ஸ்கேன். மூன்றாவது பயணத்தோடு பலர் நின்றுவிடுவதில் வியப்பில்லை. அறிக்கையோ ஆங்கிலத்தில், வார்ட்டில் பேச்சு சிங்களத்தில். "ஒன்னுமில்லன்னு சொன்னாங்க" என்று வீட்டுக்கு வந்தவரின் கிளினிக் கொப்பியில், மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்கவும் என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை. போதாத மாதிரி என்பதற்கு நோய் இல்லை என்ற பொருள் கிடையாது என்பதைத் தமிழில் சொல்ல அன்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

எம்ஆர்ஐ இயந்திரத்தை டயகமவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது நியாயமுமில்லை, தேவையுமில்லை. முதல் நாள் செய்யவேண்டியவை எல்லாவற்றையும் டயகமவிலேயே செய்யலாம். ஆகவே தோட்ட டிஸ்பென்சரி ஐயாமாருக்கும் பிரதேச வைத்தியசாலைகளில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். கழுத்தில் கட்டி என்று ஒருவர் வந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள், துடிக்கிறதா, எந்தப் பக்கம் அசைகிறது, தட்டினால் கை சுளீரென்கிறதா என்று பாருங்கள். தையல் நாடாவால் நீளத்தையும் அகலத்தையும் அளந்து சென்ரிமீற்றரில், திகதி போட்டு, அவருடைய கொப்பியிலேயே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். குறையாவிட்டால் இன்னொரு கோர்ஸ் மாத்திரை கொடுக்காமல், இரண்டு அளவுகளோடும் மேலே அனுப்புங்கள்.

அடுத்த தீபாவளி அட்வான்ஸ்வரை அவரைக் காத்திருக்க விடாதீர்கள்.